இறக்கு என்றால் இறக்கணும்

கண்ணாடிக்கடையில் அவனை எல்லோரும் 'நிதானம்' என்றுதான் கூப்பிடுவார்கள். பெரிய கண்ணாடியைத் தூக்கும்போதெல்லாம் "நிதானம், நிதானம்" என்று அவன் வாய் ஓயாமல் சொல்லும். அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. கடை அவனுக்கும் அக்காவுக்கும் பொது. அளவெடுப்பதும் வெட்டுவதும் அவன். விளிம்பை உரசி மழுக்குவதும் வாடிக்கையாளர்களிடம் பேசுவதும் அக்கா. தூக்குவது மட்டும் இருவரும் சேர்ந்து. அவன் பொருத்திய ஜன்னல் மழைக்கு ஒழுகுகிறது என்று இதுவரை ஒருவர்கூட வந்து நின்றதில்லை. இதை அக்கா தெரு முழுக்கச் சொல்லிவைத்திருந்தாள்.

தூக்கும் வேலையில் அவர்களுக்குள் ஒரே ஒரு சட்டம். யார் "இறக்கு" என்றாலும் மற்றவர் உடனே இறக்க வேண்டும். ஏன் என்று அப்போது கேட்கக் கூடாது. கை வழுக்கியிருக்கலாம், கண்ணில் தூசி விழுந்திருக்கலாம், தும்மல் வந்திருக்கலாம். காரணத்தைக் கேட்டு முடிப்பதற்குள் கண்ணாடி போய்விடும். அது தரையில் நின்ற பிறகு ஆற அமரக் கேட்டுக்கொள்ளலாம்.

போன மழைக்காலத்தில் ஒரு மத்தியானம், மேஜையில் கண்ணாடியைப் போட்டுக் கோடு கிழித்துக்கொண்டிருந்தபோது அவன் நெஞ்சு ஒரு துடிப்பைத் தவறவிட்டது. இருட்டில் படி முடிந்தது தெரியாமல் இன்னொரு படி இருப்பதாக நினைத்துக் காலை வைத்தால் உடம்பு தூக்கிப்போடுமே, அப்படி. அடுத்த துடிப்பு, உள்ளேயிருந்து யாரோ கதவைத் தட்டியதுபோல் பலமாக விழுந்தது. கோடு கோணிப்போனது. அவன் கை கோணி அக்கா பார்த்ததே இல்லை.

"என்னடா, நின்னுகிட்டே தூங்கிட்டியா?"

"நெஞ்சுக்குள்ள மீன் துள்ளுன மாதிரி இருந்துச்சுக்கா."

அக்கா சிரிக்கவில்லை. கடையைப் பூட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். ஈசிஜி எடுத்தார்கள், ஸ்கேன் பார்த்தார்கள், ஒரு நாள் முழுக்க மார்பில் ஒயர்களை ஒட்டி ஒரு சின்ன மெஷினை இடுப்பில் மாட்டிவிட்டார்கள். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு டாக்டரம்மா அவனைத் தனக்கு எதிரே உட்காரவைத்தார்.

"உங்க இதயம் நல்லா இருக்கு. நடுநடுவுல ஒரு துடிப்பு முந்திக்குது. அதுக்கப்புறம் சின்ன இடைவெளி வருது, அதான் நின்னுட்ட மாதிரி தெரியுது. நிறைய பேருக்கு வர்றதுதான். பாதிப் பேருக்கு வந்ததே தெரியாது, உங்களுக்குத் தெரியுது. மயக்கம் வந்தாலோ, நெஞ்சு வலிச்சாலோ, மூச்சு முட்டினாலோ உடனே வாங்க. மத்தபடி காபியக் குறைங்க, நல்லா தூங்குங்க."

"எடை தூக்கலாமா டாக்டர்?" அவன் கேட்க வேண்டியதை அக்கா கேட்டாள்.

"தாராளமா. அது வரும்போது, 'சரி, வந்துட்ட'ன்னு விட்டுட்டுச் செய்யுற வேலையப் பாருங்க. அதுக்குக் காவல் உக்கார வேணாம்."

புத்தி கேட்டுக்கொண்டது. கை கேட்கவில்லை. ஒவ்வொரு தடவை நெஞ்சு துள்ளும்போதும் இடது கையுறையைக் கழற்றி, இரண்டு விரலைக் கழுத்தில் வைத்துப் பார்ப்பான். பல வருஷம் கண்ணாடியோடு மல்லாடி மரத்துப்போன விரல்கள் அவை. லேசாக வைத்தால் நாடி தட்டுப்படாது. இன்னும் அழுத்துவான். கிடைத்த பிறகும் கையை எடுக்க மனம் வராது. போகப் போக, கழற்றுவானேன் மாட்டுவானேன் என்று இடது கையுறையை மேஜையிலேயே போட்டுவிட்டு ஒற்றைக் கையுறையோடு வேலை பார்க்க ஆரம்பித்தான். விரல்களில் சின்னச் சின்னக் கீறல்கள் விழுந்தன.

ஒரு அலுவலகத்துக்குக் கண்ணாடிக் கதவு கொண்டுபோன அன்று சட்டத்துக்கே சோதனை வந்தது. படியேறும்போது "இறக்கு" என்றான். அக்கா இறக்கினாள். "கை வேர்த்துடுச்சு" என்றான். நாலு படி ஏறியதும் மறுபடி "இறக்கு." இந்தத் தடவை, கதவைக் கட்டிய கயிறு சரியில்லை என்றான். அதற்கப்புறம் செருப்பு. அக்கா ஒவ்வொரு தடவையும் முகம் சுளிக்காமல் இறக்கினாள். கீழே நின்ற வாட்ச்மேன்தான் பொறுக்கமாட்டாமல் கேட்டார்:

"ஏம்மா, கதவ மாடிக்கு ஏத்துறீங்களா, இல்ல ஒவ்வொரு படிக்கும் காட்டிட்டுப் போறீங்களா?"

அன்றோடு அவன் பெரிய வேலைகளை விட்டுவிட்டான். படச் சட்டமும் அலமாரிக் கதவுமாகப் பொழுது போனது. ஆள் தேடி வந்தவர்களிடம் "இப்ப கை நிறைய வேலைங்க" என்று அக்கா சொல்லி அனுப்பினாள். அவள் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள் என்பதால், சொல்லும்போதெல்லாம் காலி மேஜையைத் துடைத்தாள்.

அப்போதுதான் நடன டீச்சர் வந்தார். இரண்டாவது மாடியில் வகுப்பு. ஒரு சுவர் முழுக்க ஆளுயரக் கண்ணாடிகள் வேண்டும். லிஃப்டில் நுழையாது, படி வழியாகத்தான். "உங்க தம்பி போட்டா கோணாதுன்னாங்க" என்றார்.

அவர் போனதும் அக்கா சொன்னாள், "உன்னக் கேட்டுச் சொல்றேன்னு சொல்லியிருக்கேன்."

"வெளியாள் ரெண்டு பேரப் பிடிச்சுக்க. நான் மேல வந்து மாட்டித் தர்றேன்."

"வெளியாளுக்கு நம்ம சட்டம் தெரியாது. அவங்க 'ஏன், எதுக்கு'ன்னு கேட்டுகிட்டு நிப்பாங்க."

"அக்கா, நான் சொல்றதக் கேளு."

"கேக்கத்தானே நிக்கிறேன். நீதான் மாசக்கணக்கா எதையும் சொல்ல மாட்டேங்கிற."

அவன் சுவரில் சாய்ந்து நின்ற கண்ணாடிகளைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "எடை தாங்குற கீழ் முனை எப்பவும் என் கையில. நடுப் படியில நெஞ்சு நின்னு நான் விட்டேன்னா, கண்ணாடி உன்னையும் சேத்து இழுத்துட்டுக் கீழ வரும். எனக்கு ஆனா ஆகட்டும்க்கா. உனக்கு ஏதாவது ஆயிடுமோன்னுதான்."

அக்கா அவன் இடது கையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"டாக்டர் நல்லா இருக்குன்னு சொன்ன நெஞ்சு நிக்கும்னு பயப்படுற. ஒத்தக் கையுறையோட கண்ணாடி தொட்டா விரல் போயிடும்னு நீதான எனக்குச் சொல்லிக் குடுத்த, அதுக்குப் பயமில்ல. ரெண்டையும் மாட்டு. பயமா இருந்தா 'இறக்கு'ன்னு சொல்லு. படிக்குப் படி சொன்னாலும் இறக்குறேன். இருட்டுனாலும் பரவாயில்ல. ஆனா கேக்கும்போது வேர்வை, கயிறு, செருப்புன்னு கதை விடாத."

வேலை நாளன்று அவன் படியின் அகலத்தையும் திருப்பத்தையும் அளந்தான். அளந்ததைத் திரும்பவும் அளந்தான். விளிம்புகளுக்கு அட்டை கட்டினான். இரண்டு கையுறைகளையும் மாட்டிக்கொண்டான். அக்கா மேலே, அவன் கீழே. "நிதானம், நிதானம்."

முதல் திருப்பத்திலேயே "இறக்கு" என்றான். இறக்கினார்கள். அட்டை தரையில் பட்டு நின்றதும் அக்கா கேட்டாள்.

"என்ன?"

அவன் வாய் கயிற்றைத்தான் சொல்ல வந்தது. "பயம்" என்றான்.

"நெஞ்சு துள்ளுச்சா?"

"இல்ல. துள்ளுமோன்னு."

"சரி. மூச்சு விட்டுக்க. சொல்லு, தூக்கலாம்."

தூக்கினார்கள். இரண்டாவது திருப்பம் தாண்டி, சுவருக்கும் கைப்பிடிக்கும் நடுவே கண்ணாடி நுழையும் இடுக்கில், அது வந்தது. படி இல்லாத இடத்தில் கால் வைத்ததுபோல ஒரு வெறுமை, பிறகு அந்தத் தட்டு. கழுத்துக்குப் போகத் துடித்த கைகள் இரண்டும் கண்ணாடியின் அடியில் இருந்தன. கால் படியில் ஊன்றி நின்றது. அடுத்த துடிப்பு வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. அவன் விரல் வைத்துப் பார்க்காமலேயே வந்தது.

"அக்கா, வந்துட்டுச்சு."

"இறக்கணுமா?"

எடை முழுக்க அவன் கையில் இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்காவின் விரல்கள் மட்டும் தெரிந்தன.

"வேணாம். ஏறு. வலது பக்கம் கைப்பிடி நீட்டிட்டு இருக்கு, பாத்து."

மேலே கொண்டுபோய்ச் சுவரில் நிறுத்தி, மட்டம் பார்த்து, திருகாணிகளை ஒவ்வொன்றாக முடுக்கினான். எழுந்து நின்றபோது கண்ணாடியில் அவன் கை கழுத்தில் இருந்தது. தடித்த கையுறைக்குள் விரலுக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. அக்கா அதைக் கண்ணாடிக்குள் பார்த்துவிட்டாள்.

"என்னடா, உள்ள ஆள் இருக்காரா?"

"தெரியல" என்று கையை எடுத்தான். "இருப்பாரு. வா, அடுத்தது எடுத்துட்டு வரலாம்."

படியில் அவன் முன்னால் இறங்கினான்.