இடது பின்சக்கரத்துக்கு மேலே

அப்பா இறந்த செய்தி வந்தபோது நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். காலை ஏழரை மணி. திண்டுக்கல்லிலிருந்து அக்கா அழைத்தாள்.

"தம்பி, அப்பா போயிட்டாருடா."

வாயில் நுரை இருந்தது. துப்பிவிட்டு, "எப்போ?" என்று கேட்டேன்.

"அரை மணி நேரம் ஆச்சு. காபி கேட்டாரு. போட்டுக் கொண்டு வர்றதுக்குள்ள..."

சரி என்றேன். அண்ணனிடம் பேசுகிறேன் என்றேன். பிறகு வாயைக் கொப்பளித்து, பிரஷ்ஷைக் கழுவி அதன் இடத்தில் வைத்தேன். அது நன்றாக நினைவிருக்கிறது.

அப்போது நான் சான் ஹோசேயின் தெற்கு ஓரத்தில், வீட்டு வண்டிகளை வாடகைக்கு நிறுத்தும் ஒரு ஆர்.வி. பார்க்கில், இருபத்திரண்டு வருடப் பழைய மோட்டார்ஹோம் ஒன்றில் தனியாகக் குடியிருந்தேன். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் டெக்சாஸில், டல்லாஸ் பக்கம். எல்லோரும் வீட்டிலிருந்தே வேலை செய்த காலத்தில் நாங்கள் அங்கே குடிபெயர்ந்தோம். பிறகு கம்பெனி, வாரத்தில் நான்கு நாள் ஆபீசுக்கு வந்தே ஆக வேண்டும் என்றது. கிரீன் கார்டு வரிசையில் பாதியில் நிற்பவன் வேலையை விட முடியாது. பிள்ளைகள் பள்ளியில் ஒட்டிக்கொண்டுவிட்டார்கள். அதனால் நான் மட்டும் திரும்பி வந்தேன். ஃப்ரீமான்டில் ஓய்வுபெற்ற ஒரு தம்பதி தங்கள் வண்டியை விற்றார்கள். வாங்கி இங்கே கொண்டுவந்து நிறுத்தினேன். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை விமானம் ஏறி வீட்டுக்குப் போய்வருவேன்.

வண்டியில் இரண்டு குறைகள். முதலாவது, அது சாய்ந்து நிற்கும். அந்த அளவு வண்டிகளில் இரும்புப் பட்டைகளுக்குப் பதிலாக, ஒவ்வொரு சக்கரத்துக்கு மேலும் தடித்த ரப்பர் பைகள் இருக்கும். இன்ஜின் ஓடும்போது அவற்றில் காற்று நிரம்பி வண்டி எழும்பும். என் வண்டியில் இடது பின்பக்கம் எங்கோ காற்றுக் கசிந்தது. இன்ஜினை நிறுத்திய மறுநாள் காலையில் அந்த மூலை நான்கு விரற்கடை இறங்கியிருக்கும். தரையில் ஊன்றி வண்டியைச் சமன் செய்ய வேண்டிய கால்களில் ஒன்று நான் வாங்குவதற்கு முன்பே செத்துவிட்டது. கட்டிலின் ஒரு காலுக்குக் கீழே பலகை வைத்துச் சமாளித்தேன். அப்பா கடைசியாக வீடியோ காலில் பேசியபோது, "படம் சாஞ்சு தெரியுதே, போனை நேரா புடிடா" என்றார். நேராகத்தான் பிடித்திருக்கிறேன் என்று சொல்லவில்லை. போனைக் கொஞ்சம் திருப்பிப் பிடித்தேன்.

இரண்டாவது குறை கரண்டு. விளக்குகள் சில சமயம் மங்கி மீளும். பார்க்கின் கரண்டில் செருகியிருந்தவரை அது பெரிதாகத் தெரியவில்லை. பேட்டரி புதிது என்பதால் நானும் கண்டுகொள்ளவில்லை.

அன்று காலை அண்ணன் அழைத்தார். "நீ வர்றியா? வர்றதுன்னா ஃப்ரீசர் பாக்ஸுக்குச் சொல்லணும்" என்றார். வக்கீலிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். பாஸ்போர்ட்டில் விசா முத்திரை காலாவதியாகியிருந்தது. போனால் புது முத்திரை குத்தாமல் திரும்பி வர முடியாது. அதற்கான நேர்காணலுக்கு மாதக்கணக்கில் தேதி இல்லை. வக்கீல் இரண்டே வரியில் பதில் எழுதினார்: போகலாம், எப்போது திரும்புவீர்கள் என்று என்னால் சொல்ல முடியாது.

மனைவியை அழைத்தேன். அவள் அழுதுகொண்டிருந்தாள். அப்பாவுக்கு அவள் மேல் பிரியம்.

"போங்க. நான் எதுவும் சொல்ல மாட்டேன். நீங்கதான் டிசைட் பண்ணணும்," என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "திரும்பி வர முடியலன்னா வேலை என்ன ஆகும்?" என்று கேட்டாள்.

"போயிடும்."

"அப்புறம் எங்க விசா ஸ்டேட்டஸ்?"

"அதுவும்தான்."

அண்ணனுக்குப் போன் செய்து, வரவில்லை என்றேன். அவர் கோபப்படவில்லை. "அப்போ யாருக்காகவும் வெயிட் பண்ண வேண்டாம். காலைல ஏழு மணிக்கெல்லாம் எடுத்துடலாம். அக்கா வீடியோ போடுவா, பாத்துக்க" என்றார். அங்கே மறுநாள் காலை ஏழு என்றால் இங்கே அன்று மாலை ஆறரை.

ஆபீசுக்குப் போனேன். ஏன் போனேன் என்று மனைவி பின்னால் பலமுறை கேட்டாள். வேறெங்கே போவது என்று தெரியவில்லை, அவ்வளவுதான். பத்து மணி மீட்டிங்கில், நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்யப் போகிறேன் என்று சொன்னேன். யாரிடமும் விஷயத்தைச் சொல்லவில்லை. மதியம் கேன்டீனில் வரிசையில் நின்று, வாங்கியதை முழுவதும் சாப்பிட்டேன். மூன்றரைக்குக் கிளம்பிவிட்டேன்.

பார்க்கில் கரண்டு இல்லை. லைன் வேலை, எட்டு மணி வரை வராது என்று நுழைவாயிலில் காகிதம் ஒட்டியிருந்தது. அந்த இடத்தில் போன் சிக்னல் ஒரு கோடுதான் வரும். கூரை ஆன்டெனாவோடு ஒரு இன்டர்நெட் பெட்டி மாட்டியிருந்தேன். அது பேட்டரியில் ஓட வேண்டும். ஓடவில்லை. பச்சை விளக்கு வரும், ஒரு நிமிடத்தில் அணைந்து முதலிலிருந்து தொடங்கும். தண்ணீர்க் குழாயைத் திறந்தால் பம்ப் ஓடும் சத்தத்தோடு எல்லா விளக்கும் மங்கின. அப்போது மணி நாலே கால்.

மல்டிமீட்டரை எடுத்துப் பேட்டரியில் வைத்தேன். பன்னிரண்டே முக்கால் வோல்ட். குறையில்லை. பெட்டிக்கு வரும் ஒயரில் வைத்தால் பத்து, பத்தரை என்று தத்தளித்தது. இப்படிப் பழுது தேடும் வேலையைத்தான் இருபது வருடமாக ஆபீசில் செய்கிறேன், இதைவிடச் சிறிய பொருள்களில். எங்கோ எர்த் சரியில்லை என்று புரிந்தது. பேட்டரியின் மைனஸ் கேபிள் வண்டியின் அடிச்சட்டத்தில் ஒரு போல்ட்டில் முடிகிறது. அந்த இடம் இடது பின்சக்கரத்துக்கு மேலே, உட்பக்கம்.

தரையில் அட்டையை விரித்துக் குனிந்தபோது, "அண்ணே, என்ன செய்யுதிய?" என்று குரல் கேட்டது.

பக்கத்து இடத்தில் ட்ரெய்லர் நிறுத்தியிருந்த நர்ஸ். நாகர்கோவில்காரர், நாற்பது வயதிருக்கும். மூன்று மாதம் ஒரு ஊர் ஆஸ்பத்திரி, அடுத்த மூன்று மாதம் வேறு ஊர் என்று ஒப்பந்த வேலை. ட்ரெய்லரைத் தன் பிக்கப் வண்டியில் மாட்டி, தனியாகவே ஓட்டிப் போவார். அதுவரை நாங்கள் குப்பைத் தொட்டியருகே பார்த்தால் இரண்டு வார்த்தை பேசுவதோடு சரி.

"எர்த் பாக்கணும். அடியில இருக்கு," என்றேன்.

"வண்டி அந்தப் பக்கமாட்டு சரிஞ்சில்லா நிக்கு. காத்த நம்பியா அடியில போறிய? நான் எமர்ஜென்சில வேலை பாக்குதவ அண்ணே. இப்பிடி மாட்டுன ஆளுவள பாத்திருக்கேன். எந்திரிங்க."

"ஆறரைக்குள்ள முடிக்கணும்."

"ஆறரைக்கு என்ன?"

"ஊர்ல அப்பா இறந்துட்டாரு. எடுக்குறாங்க. வீடியோல பாக்கணும்."

அன்று ஆபீசில் யாரிடமும் சொல்லாததை அட்டையில் மண்டியிட்டபடி அவரிடம்தான் சொன்னேன். அவர் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். "காரை எடுத்துட்டு ஃப்ரீவே பக்கம் போனா சிக்னல் கிடைக்கும்லா?" என்று கேட்டார்.

"ஏதோ ஒரு கடை வாசல்ல, கார்ல உக்காந்து பாக்க வேண்டாம்னு இருக்கு."

"சரி. அப்போ நாம இத சரியாட்டு செய்வோம்."

போய், தன் ட்ரெய்லரைத் தாங்க வைத்திருந்த இரண்டு இரும்பு ஸ்டாண்டுகளை இழுத்துக்கொண்டு வந்தார். இன்ஜினைப் போட்டேன். காற்று நிரம்பி வண்டி மெல்ல எழுந்தது. சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்தோம். ஸ்டாண்டுகளைச் சட்டத்தின் கீழ் நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டு, கையால் காற்றைத் திறந்துவிட்டேன். வண்டி இறங்கி இரும்பின் மேல் உட்கார்ந்தது. அவர் பம்பரைப் பிடித்து இரண்டு முறை உலுக்கிப் பார்த்தார். பிறகுதான் என்னை உள்ளே போக விட்டார். அதற்கே முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது.

மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி மைனஸில் மாட்டி, மீட்டரை அவர் கையில் கொடுத்தேன். நீளமான ஒயரில் இன்னொரு முனையை எடுத்துக்கொண்டு அடியில் ஊர்ந்தேன். பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. கேபிளின் முனையில் தொட்டேன்.

"சைபர்," என்றார்.

அதே இடத்தில், ஒரு விரல் தள்ளிச் சட்டத்தின் இரும்பைத் தொட்டேன்.

"ஒண்ணு புள்ளி ஆறு. என்னண்ணே, ஒரு இஞ்ச் தூரத்துலயா?"

"துரு. அதுலதான் எல்லாம் போகுது."

பேட்டரியைக் கழற்றச் சொன்னேன். போல்ட் இளகவில்லை. எண்ணெய் அடித்துக் காத்திருந்து, ஸ்பேனரைக் காலால் உதைத்தபோது திரும்பியது. கேபிள் முனைக்குப் பின்னால் சாக்லேட் நிறத்தில் துரு பொரிந்திருந்தது. கம்பி பிரஷ்ஷால் தேய்த்தேன், உப்புத்தாளால் தேய்த்தேன். கண்ணில், வாயில் எல்லாம் துரு. சட்டத்தில் வெள்ளையாக இரும்பு தெரிந்தது. புது வாஷர் போட்டு இறுக்கி, மேலே கிரீஸ் பூசினேன். அந்த நேரத்தில் அப்பாவைப் பற்றி ஒருமுறைகூட நினைக்கவில்லை. அதை இங்கே எழுதத்தான் வேண்டும்.

பேட்டரியை மாட்டினார். "இப்ப பாருங்க... சைபர். சைபர்தான் காட்டுது."

ஆறு இருபது. உள்ளே பச்சை விளக்கு அணையாமல் நின்றது. அவர் தன் ட்ரெய்லருக்குப் போய்விட்டார்.

அக்கா வீடியோ போட்டாள். முதலில் கூடத்து மின்விசிறி தெரிந்தது. பிறகு யாரோ ஒருவரின் சட்டைப் பை. பிறகு அப்பாவின் கால் பெருவிரல்கள், வெள்ளைத் துணியால் சேர்த்துக் கட்டியிருந்தன. "பாக்குறியாடா?" என்றாள். "பாக்குறேன்" என்றேன். முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனாள். மூக்கில் பஞ்சு. நெற்றியில் விபூதி பட்டையாக, அவர் ஒருநாளும் பூசாத அளவுக்கு. முகம் பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று யாரோ சொன்னார்கள். அக்கா போனைப் பிடித்தபடியே அழுததால் படம் ஆடியது. நான் போனின் மூலையில் சார்ஜ் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தேன்.

தூக்கியபின் அக்கா போனை அத்தானிடம் கொடுத்தாள். பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. அவர் பாடையைப் பிடிக்க வேண்டியிருந்ததால் போனைப் பையில் போட்டுக்கொண்டார். இருட்டுத் திரை, கொட்டுச் சத்தம், நடுவில் வெடி. தெருமுனையில் யாரோ பைக்கை ஓரமாக எடுக்கச் சொல்லிக் கத்தினார்கள். அந்த இருட்டையே இருபது நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தேன். சுடுகாட்டில் அத்தான் போனை எடுத்தபோது, அண்ணன் பானையைத் தோளில் வைத்துச் சுற்றிவந்துகொண்டிருந்தார். அவரைத் தலை மழித்த கோலத்தில் பார்த்தது அதுதான் முதல் முறை. வேறு யாரோ போல இருந்தார்.

கால் முடிந்ததும் குளிக்க வேண்டும் என்று தெரியும். ஆனால் வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கலந்து ஸ்ப்ரே பாட்டிலில் ஊற்றிக்கொண்டு இறங்கினேன். ஸ்டாண்டுகளை எடுக்காமலே இன்ஜினைப் போட்டுக் காற்றேற்றினேன். பையின் மடிப்புகளில் அடித்தேன். ஒன்றுமில்லை. வால்வில் அடித்தேன். ஒன்றுமில்லை. பைக்கு மேலே குழாய் நுழையும் இணைப்பில் அடித்ததும் நுரை பொங்கிப் பொங்கி வந்தது. கிழிந்த பையாக இருக்கும் என்று ஆறு மாதமாகப் பயந்துகொண்டிருந்தேன். கட்டைவிரல் அளவு பித்தளை இணைப்பு, அவ்வளவுதான். காற்றை இறக்கி, குழாயின் தேய்ந்த நுனியை அரை அங்குலம் வெட்டிவிட்டு, டப்பாவில் கிடந்த புது இணைப்பைச் செருகினேன். மறுபடி சோப்பு அடித்தேன். நுரை அப்படியே நின்று, வழிந்து போனது.

குளித்துவிட்டு வந்தபோது படியில் நர்ஸ் நின்றார். கையில் சோறும் ரசமும் பீன்ஸ் பொரியலும். "வீட்ல அடுப்பு பத்த வைக்கக் கூடாதுல்லா" என்றார். சாப்பிட்டேன். அவர் எதிரே உட்கார்ந்திருந்தார்.

"அழுதியளா அண்ணே?"

"இல்ல."

"சில பேருக்கு உடனே வராது."

"பிறகு வருமா?"

"சில பேருக்கு வராது. அப்படியும் பாத்திருக்கேன்." தட்டை அவரே வாங்கிக் கழுவினார்.

மகன் போன் செய்தான். பன்னிரண்டு வயது. தமிழ் புரியும், பதில் ஆங்கிலத்தில்தான் வரும். "ஆர் யூ ஓகே, அப்பா?" என்றான். தெரியலடா என்றேன். "ஓகே," என்றான். இருவரும் கொஞ்ச நேரம் போனை வைக்காமல் இருந்தோம்.

மறுநாள் மேனேஜருக்கு எழுதினேன். நெருங்கிய உறவுக்கு மூன்று நாள் விடுப்பு உண்டு என்று பதில் வந்தது. டல்லாஸுக்கு டிக்கெட் பார்த்தேன். "பசங்களுக்கு எக்ஸாம், வீக்கெண்ட் வாங்களேன்" என்றாள் மனைவி. சரி என்றேன். முதல் இரண்டு நாளும் மற்ற மூன்று சக்கரங்களின் இணைப்புகளையும் மாற்றினேன். மூன்றாம் நாள் நர்ஸுக்கு வேலை இல்லை. வண்டியை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றேன். கூட வருகிறேன் என்றார். ஃப்ரீவேயில், முக்கால் மணி நேரத் தூரத்தில் இருக்கும் டப்ளின் என்ற ஊர் வரை போனோம். வளைவுகளில் வண்டி சாயவில்லை. அங்கே ஒரு பெரிய கடையின் பார்க்கிங்கில் நிறுத்தி, உள்ளேயே டீ போட்டோம்.

"அப்பா என்ன வேலை பாத்தாவ?" என்று கேட்டார்.

"ஸ்கூல்ல கிளார்க். டி.சி. டைப் அடிப்பாரு."

பிறகு நானே சொன்னேன். பியூன் லீவு போட்ட நாட்களில் அப்பாதான் மணி அடிப்பார். அந்த வேலை அவருக்கு ரொம்பப் பிடிக்கும். ஒருமுறை நேரம் தவறி, கடைசிப் பீரியட் முடிய இருபது நிமிடம் இருக்கும்போதே லாங் பெல் அடித்துவிட்டார். பிள்ளைகள் மொத்தப் பேரும் தெருவுக்கு வந்துவிட்டார்கள். ஹெட்மாஸ்டர் கூப்பிட்டுக் கேட்டதற்கு, "போனவங்க போயிட்டாங்க சார், நாளைக்கு வருவாங்க" என்றாராம்.

நர்ஸ் சத்தமாகச் சிரித்தார். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். அப்போதும் உள்ளே ஒன்றும் அசையவில்லை. டீயைக் குடித்து முடித்தோம். டம்ளர்கள் உருளாதபடி அவர் துணியைச் சுற்றி வைத்தார். வந்த வழியே திரும்பினோம்.