இடுப்பில் ஒரு குடம்

என் மாமா மனிதர்களை மட்டுமே வரைவார். ஆனால் அவர் வரைந்தவர்களை மனிதர்கள் என்று ஒப்புக்கொள்ள டெலானிபூர் அரசுக் குடியிருப்பில் ஒருவரும் இல்லை. கழுத்து நீண்டிருக்கும், தலை எலுமிச்சம்பழ அளவில் இருக்கும், உடம்பு செங்கல் நிறம். பெரும்பாலும் முதுகுகள். முகம் பொய் சொல்லும், முதுகுக்கு அது தெரியாது என்பது அவர் கட்சி.

"அப்ப அப்ளிகேஷன்லயும் முதுகு போட்டோவையே ஒட்டு, மாப்ளே," என்பார் அப்பா.

மாமா அம்மாவுக்கு இளையவர். சென்னையில் ஓவியமும் சிற்பமும் படித்து, ஒரு படமும் விற்காமல், அறுபதுகளின் நடுவில் கப்பலேறி இந்தத் தீவுக்கு எங்களிடம் வந்திருந்தார். பள்ளிக்கூடத்தில் தற்காலிக டிராயிங் மாஸ்டர் வேலை. தற்காலிகம் என்பதை எவ்வளவு காலம் இழுக்கலாம் என்று பின்னாளில் நானே பலருக்குச் செய்து காட்டியிருக்கிறேன். அப்பா வேலை பார்த்த பொதுப்பணி இலாகா, தீவில் குடியேறிய பெண் ஒருத்தியின் சிலையைத் தன் புதுக் கட்டடத்தின் முன்னால் வைக்க விரும்பியது. பெரிய எஞ்சினியருக்குச் சிலை பிடித்தால் வேலையை நிரந்தரமாக்கப் பரிந்துரைப்பார். பிடிக்காவிட்டால் மாமா அடுத்த கப்பலில் மெயின்லேண்ட் திரும்ப வேண்டியதுதான்.

மாமா கருங்கல் கேட்டிருந்தார். இந்தி தெரியாது. லாரிக்காரரிடம் தினமும் "கல்?" என்பார். அவரும் "கல், கல்" என்று தலையாட்டிவிட்டுப் போவார். இந்தியில் கல் என்றால் நாளை. நாளை வந்துகொண்டே இருந்தது, கல் வரவில்லை. கடைசியில் கம்பி கட்டி, கோழிவலை சுற்றி, சிமெண்டில் செய்தார்.

மாதிரிக்கு யாரையும் நிறுத்தவில்லை. குழாயடியில் அம்மா நிற்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். சிலைக்கு அகன்ற பாதங்கள், கண்ணுக்குப் பதில் இரண்டு குழிகள். இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்திருக்க, இடது கை அதைச் சுற்றி வளைந்திருந்தது. வளைவுக்குள் ஒன்றும் இல்லை.

எஞ்சினியர் சுற்றிவந்து பார்த்தார். கண்குழிகளை மன்னித்தார். "யே ஹாத் காலி க்யோன் ஹை?" என்றார். கை ஏன் காலியாக இருக்கிறது என்று அப்பா மொழிபெயர்த்தார். எஞ்சினியரே தீர்வு கண்டார்: குடம் ஒன்று வைத்துவிடலாம். கூட வந்த மலேரியா இன்ஸ்பெக்டர், வைப்பதானால் வாய் மூடிய குடமாக இருக்கட்டும், மழைநீர் தேங்கினால் கொசு முட்டையிடும் என்றார். விதிப்படி அவர் சொன்னது சரி.

"குடம் வைக்க முடியாது," என்றார் மாமா.

"அப்ப பெட்டியக் கட்டு," என்றார் அப்பா, தமிழில், தாழ்ந்த குரலில்.

மாமா போவதில் எனக்கு இஷ்டமில்லை. ஆறு வயதில் எனக்குத் தெரிந்த அளவில் சமரசம் செய்துவைக்கப் பார்த்தேன். "குடம் எதுக்கு? மெயின்லேண்டுலேருந்து பாப்பா வந்ததும் அங்கதானே உக்காருவான்?"

பாப்பா என்றது என் தம்பியை. காய்ச்சலில் கிடந்தவனை முந்தைய மழைக்காலத்தில் மெயின்லேண்டுக்கு அனுப்பிவிட்டதாக வீட்டில் சொல்லியிருந்தார்கள். தீவில் எல்லோரும் அங்கே போய்த்தான் வருவார்கள். சந்தேகிக்க என்ன இருக்கிறது?

அப்பா அதை மொழிபெயர்க்கவில்லை.

பின்னால் நின்ற அம்மா சிலையருகே வந்தாள். வளைந்த கைக்குள் தன் கையை நுழைத்துப் பார்த்தாள்.

"குடத்த வச்சிருடா."

"அக்கா..."

"வை. வாய மூடியே வை."

மாமா வைத்தார். வேலை நிரந்தரமாயிற்று. நல்ல யோசனையை இப்படித் தட்டிக்கழித்துவிட்டாளே என்று எனக்கு அம்மாவின் மேல் கோபம்.

புதுச் சிமெண்டு இறுகுவதற்குத் தண்ணீர் விட்டு ஈரமாகவே வைக்க வேண்டும். அந்த வேலையை அம்மா தானே ஏற்றுக்கொண்டாள். காலையும் மாலையும் குடத்தின் மேல் தண்ணீர் ஊற்றி, உள்ளங்கையால் தடவிவிட்டு வருவாள். இத்தனை நாள் விட்டால் போதும் என்று இலாகாவில் விதி உண்டு, அப்பாவும் சொல்லிப் பார்த்தார். மழைக்காலம் தொடங்கிய பிறகும் அம்மா போய்க்கொண்டிருந்தாள். மழையே நனைப்பதை இவள் எதற்காகப் போய் நனைக்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை.