கீழிருந்து வெட்டிய மூன்று பத்திகள்

உலகச் செய்திப் பக்கம் என் பொறுப்பு. பெரிய வேலை என்று நினைத்துவிட வேண்டாம். ஆங்கிலத்தில் வரும் ஏஜென்சி செய்தியைத் தமிழாக்கி, விளம்பரம் போக மீந்த இடத்தில் திணிப்பேன். இடம் போதாவிட்டால் கீழிருந்து வெட்டு. மலாய் நாட்டின் ஜார்ஜ் டவுனில் எங்கள் தமிழ் நாளிதழில் சேர்ந்த முதல் நாளே கற்ற பாடம் இது. எத்தனை பேர் செத்தார்கள் என்பது மேலே இருக்கும். ஏன் செத்தார்கள் என்பது கீழேதான் இருக்கும். ஆக, இத்தனை வருடங்களாக உலகத்தில் எதற்கும் காரணமே இல்லாமல் பார்த்துக்கொண்டவள் நான்.

என் பக்கத்துக்கு எமன் நினைவாஞ்சலி விளம்பரம். பக்கம் முடிந்த பிறகு ஒரு குடும்பம் படத்தோடு வந்து நிற்கும். திதி நாளைக்கு, தள்ளிப்போட முடியாது. வெளிநாட்டில் சாகிறவர்களுக்கு அந்த அவசரம் கிடையாது என்பது எங்கள் ஆபீஸ் சித்தாந்தம்.

அன்றும் அப்படித்தான். மியான்மார் ராணுவம் ரொஹிங்கியா மக்களின் ஊர்களைக் கொளுத்தியதும், குடியுரிமை தராமல் ஒதுக்கியதும் கடைசி மூன்று பத்திகளில் இருந்தன. நினைவாஞ்சலிப் படத்தில் தங்கப்பல் தெரியச் சிரிக்கும் ஒரு தாத்தா வந்தார். மூன்றும் போயின. மிஞ்சியது, ‘ரொஹிங்கியா பகுதியில் இரு தரப்பு மோதல்: கிராமங்கள் எரிந்தன’. கிராமங்களே தீக்குச்சி வாங்கி வைத்துக்கொண்டன போலும்.

மறுநாள் காலை, ஆயர் ஈத்தாம் பகுதியில் நான் குடியிருக்கும் அடுக்குமாடியில் என் கதவைத் தட்டியவன் பக்கத்து வீட்டு ரொஹிங்கியாக்காரன். புல்வெட்டும் வேலை. மனைவி, கைக்குழந்தையோடு வாடகைக்கு இருந்தான். வீட்டுச் சொந்தக்காரர் கீழ்மாடித் தமிழர், என் பக்கத்தை ஓர் எழுத்து விடாமல் படிப்பவர். மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டாராம்.

“அக்கா, அவர் பேப்பரைக் காட்டினார். அதில் என்ன போட்டிருக்கு?” என்று மலாயில் கேட்டான்.

வீட்டுச் சொந்தக்காரரைத் தேடிக் கீழே ஓடினேன்.

“ஊரையே கொளுத்திட்டு வந்தவங்களாமே! என் வீட்டையும் கொளுத்தினா?” என்றார் அவர்.

“கொளுத்தினது ராணுவம், அங்கிள். இவங்க வீடுதான் எரிஞ்சது.”

“அப்ப ஏன் போடல?”

“எடம் பத்தல, அங்கிள்.”

“அதெல்லாம் சும்மாலா. பேப்பர்ல வரட்டும், நம்புறேன்.”

ஆசிரியரிடம் திருத்தம் கேட்டேன்.

“நாம பொய் ஏதும் போட்டோமா?”

“இல்லண்ணே.”

“அப்புறம் எதைத் திருத்துறது?”

நியாயம்தான். செய்தியில் ஒரு பிழைகூட இல்லை.

வெட்டிய பத்திகளைத் தாளில் அச்செடுத்து அங்கிளிடம் நீட்டினேன். கண்ணாடி போட்டு முழுக்கப் படித்தார்.

“நல்லாத்தான் எழுதியிருக்கே. ஆனா இது அந்த ஆளுக்காக எழுதினதும்மா. பேப்பர்னா எல்லாருக்கும் எழுதுறது.”

மாதக் கடைசியில் லாரி வந்தது. சிம்பாங் அம்பாட் என்ற ஊரில் அவர்களுக்கு ஓர் அறை கிடைத்திருந்தது. அவன் குழந்தையோடு விடைபெற வந்தபோது, அந்தச் செய்தியைப் போட்டதே நான்தான் என்று சொல்லிவிட்டேன். திட்டுவான் என்று நினைத்தேன். அவன் முகம் மலர்ந்தது.

“எங்க ஊர்ப் பேர் போட்டீங்களா?”

இல்லை என்றேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. அவன் கோபப்படவில்லை. ஊர்ப் பெயரை மெதுவாக இரண்டு தடவை சொல்லி, அடுத்த தடவை போடச் சொன்னான். எழுதிக்கொண்டேன்.

இன்னும் போடவில்லை.