நரம்பில் விழுந்த சுருள்

கிளாட்வின் பட்டாளத்தில் இருந்த காலமெல்லாம் மனைவி இன்பம் அவரோடு வாழ்ந்தது விடுமுறைகளில் மட்டுந்தான். ஓய்வு பெற்று ராஜபாளையம் வந்தவர், ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு தூண்டிலைத் தூக்கிக்கொண்டு வேம்பார் கடற்கரைக்குப் போகத் தொடங்கினார். எல்லையிலிருந்து மீண்டவரைக் கடல் பிடுங்கிக்கொண்டதாகவே அவளுக்குப் பட்டது. ஒரு வாரம், "நானும் வாரேன்" என்று காரில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

கடலுக்குள் நீளக் கொட்டியிருந்த பாறைகளின் மேல் பலர் நின்றார்கள். புதிதாகத் தூண்டில் பிடிப்பவர்கள் கரைப்பக்கம், கைதேர்ந்தவர்கள் அலை மோதும் முனையில். கிளாட்வின் இரண்டுக்கும் நடுவில். மூன்று வருஷமாக அதே இடம்.

"மதினி, மாப்ள மீன் பிடிக்க வாரான்னு நெனச்சிராதிய. கடலுக்கு எறால் ஊட்டிட்டுப் போறான்," என்றான் காரோட்டி வந்த நண்பன் சுப்புராஜ்.

தூண்டில் கம்பிலிருந்து வரும் மெல்லிய நைலான் நரம்போடு, கொக்கி கட்டிய தடித்த நரம்பை இணைக்க வேண்டும். கண்ணாடியை மறந்து வந்த கிளாட்வின் தடவிக்கொண்டிருந்தார்.

"இங்க கொண்டாங்க. அறுந்த நூல முடியுறதுதான என் பொழப்பு."

நூல் மில்லில் அவள் போடும் முடிச்சு விரலுக்கே தட்டுப்படாது. அதே முடிச்சைப் போட்டாள். கிளாட்வின் லேசாக இழுத்துப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. இனிமே இது ஒன் வேல."

அப்படியானால் வருகிற ஞாயிறுகளிலும் அவளுக்கு இங்கே இடமுண்டு. வேறெதுவும் அவள் கேட்டதில்லை.

வெயில் தாழும்போது கம்பு வில்லாக வளைந்தது.

"ஏலே, பாறை மீனுலே! விட்டுப் பிடி!" என்று சுப்புராஜ் கத்தினான்.

மீன் ஒருமுறை வெள்ளையாகப் புரண்டு காட்டியது. மறுகணம் கம்பு நிமிர்ந்துவிட்டது.

சுற்றி இழுத்த நரம்பின் நுனி அறுந்திருக்கவில்லை, சுருண்டிருந்தது. அவள் போட்ட முடிச்சின் வளைவு அதில் அப்படியே பதிந்திருந்தது. பஞ்சு நூல் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். வழவழத்த நரம்புக்கு அந்தக் குணமில்லை. இது ஏன் முன்பே தோன்றவில்லை?

"என்னாச்சு மாப்ளே?"

"நரம்பு பழசு. இத்துப்போச்சு," என்ற கிளாட்வின் சுருளைக் கடித்துத் துப்பினார்.

"போன வாரந்தானலே புதுசு மாத்துன!"

கிளாட்வின் பையிலிருந்து வேறொரு கொக்கி நரம்பை எடுத்தார். இன்பத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. கண்ணாடி இல்லாமல் சுருள் அவருக்குத் தெரியவில்லையா? தெரிந்தே மறைத்தாரா? மறைத்தது பிரியத்தாலா, இனி இவளை அழைத்துவரப் போவதில்லை, பேசி என்ன பயன் என்ற முடிவாலா? அவர் பொய் சொல்கிறவர் அல்ல என்று நினைத்தாள். அப்படி நினைக்கும் அளவுக்கு அவரோடு இருந்திருக்கிறோமா என்பதும் சந்தேகமாக இருந்தது.

கிளாட்வின் இரண்டு நுனிகளையும் அவளிடம் நீட்டினார்.

"ஏங்க, என் முடிச்சுதான் உருவிருச்சு," என்றாள் தணிந்த குரலில்.

"இந்தத் தடவ நாலு சுத்துக் கூடப் போடு."

பிறகு ஏன் நரம்பின் மேல் பழி போட்டார்? கேட்க வாயெடுத்தவள் சுற்றத் தொடங்கினாள்.

"போதுமா?"

"எனக்கென்ன தெரியும்? இழுத்துப் பாப்போம்."

ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு இழுத்தார்கள்.