ஏறாத முள்

என் பழைய காரில் கறுப்புப் புகை. உள்ளே பெட்ரோல் நாற்றம். மனைவி ஏறவே மறுத்தாள். பீர்க்கன்கரணை மெக்கானிக் செல்வம் சென்சாரை மாற்றியும் தீரவில்லை. கடையில் எல்லோர் முன்னாலும், "ஏம்ப்பா, டூப்ளிகேட் போட்டு ஏமாத்துறியா?" என்று கத்திவிட்டேன்.

அவர் காரை எடுத்துக்கொண்டு ஒரு சுற்றுப் போய்வந்தார். "டெம்பரேச்சர் முள் ஏறவே இல்ல சார். இன்ஜின் இன்னும் ஜில்லுன்னு கீதுன்னு வண்டி நெனச்சு பெட்ரோலை அள்ளி ஊத்துது. இன்ஜின் சூடாகுற வரைக்கும் தண்ணிய தடுத்து வைக்கிற தெர்மோஸ்டாட் வால்வையே காணோம். யாரு கழட்டுனது?"

நான்தான். வெயிலில் இன்ஜின் சூடாகக் கூடாதென்று போன கோடையில் வேறொரு கடையில் கழற்றச் சொன்னேன். ஏறாத முள்ளை எல்லோரிடமும் பெருமையாகக் காட்டினேன்.

"எனக்கு முன்னாடி வச்சிருந்தவங்க கழட்டியிருப்பாங்க," என்றேன்.

அவர் என்னை ஒரு நொடி பார்த்தார். "சரி சார்" என்று புதியதை மாட்டினார்.

புகை நின்றுவிட்டது. அந்தக் கடையைத் தாண்டக் கூசி, தினமும் சுற்றுவழியில்தான் ரயில் ஸ்டேஷனுக்குப் போகிறேன்.