எக்ஸ்ரே உறைமேல் எழுதிய வரி

திருச்சி தில்லை நகரில் ஒரு ஸ்கேன் சென்டரில் இருபத்து மூன்று வருஷமாக எக்ஸ்ரே எடுத்துக்கொண்டிருக்கிறேன். "மூச்சை நல்லா இழுங்க. அப்படியே பிடிங்க" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் போவேன். பொத்தானை அழுத்துவேன். "விடுங்க" என்பேன். ஒரு நாளைக்கு எத்தனை முறை இதைச் சொல்கிறேன் என்று எண்ணியதில்லை. தூக்கத்திலும் சொல்கிறேன் என்று என் மனைவி சொல்கிறாள். அவளுக்கு என்னைக் கேலி செய்ய ஏதாவது வேண்டும்.

எல்லா வேலையும் ஒரு நாள் சலித்துவிடும் என்பார்கள். எனக்கு ஒன்று மட்டும் இன்னும் சலிக்கவில்லை. பொத்தானை அழுத்தியபின் திரையில் படம் விழுகிற அந்த இரண்டு மூன்று விநாடி. இருட்டிலிருந்து விலா எலும்புகள் ஒவ்வொன்றாக எழுந்து வரும். நடுவில் கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்தபடி இதயம் உட்கார்ந்திருக்கும். ஆட்டோக்காரர், வக்கீல், கோயில் மடப்பள்ளியில் வேலை செய்கிறவர், நகைக்கடை முதலாளி என்று வெளியே நாற்காலியில் தள்ளித் தள்ளி உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாரும் உள்ளே இப்படி ஒரே மாதிரி இருக்கிறார்களே என்று இன்றைக்கும் எனக்குப் பிரமிப்பாக இருக்கும். நாலு பேர் கேட்டால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொன்னதில்லை.

எங்கள் வேலையில் இரண்டு விஷயத்தை முதல் வாரமே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். ஒன்று, "விடுங்க" என்று சொல்ல மறக்கக் கூடாது. நான் சேர்ந்த புதிதில் மறந்திருக்கிறேன். துறையூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு விவசாயி, முகம் கறுத்துச் சிவந்து, கண் பிதுங்க நின்றுகொண்டிருந்தார். ஓடிப்போய் என்னங்க என்றால், "நீங்க விடச் சொல்லலியே தம்பி" என்றார். அந்த அளவுக்கு அந்த அறைக்குள் வருகிறவர்கள் எங்களை நம்பிவிடுகிறார்கள்.

இரண்டாவது, படத்தில் பார்த்ததைச் சொல்லக் கூடாது. படத்தைப் படித்துச் சொல்வது டாக்டர் வேலை. நாங்கள் பார்த்தது தப்பாகவும் இருக்கலாம். அதனால் என்ன தெரிந்தாலும் முகத்தில் காட்டாமல், "டாக்டர் சொல்லுவாங்க" என்று சொல்லிப் பழக வேண்டும். நான் இதில் கெட்டிக்காரன். என் முகத்தைப் பார்த்து இதுவரை யாரும் ஒன்றும் கண்டுபிடித்ததில்லை.

சென்னையில் வேலை பார்க்கும் என் மகள் போன பொங்கலுக்கு ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது, நான் நின்றபடியே இட்லி சாப்பிடுவதையும், ஒரு கையில் ஹெல்மெட்டோடு அவள் அம்மாவுக்குப் பதில் சொல்வதையும் இரண்டு நாள் பார்த்தாள். மூன்றாம் நாள் பிடித்து உட்கார வைத்துவிட்டாள். மேனிஃபெஸ்டேஷன் என்று ஏதோ சொன்னாள். தினமும் மூன்றே மூன்று நிமிஷம் போதுமாம். முதல் நிமிஷம் சும்மா இருந்து மூச்சைக் கவனிக்க வேண்டும். அடுத்த நிமிஷம், நமக்கு என்ன வேண்டுமோ அதை ஏற்கெனவே நடந்துவிட்ட மாதிரி ஒரே வரியில் எழுத வேண்டும். மூன்றாவது நிமிஷம், அந்த வரிக்காக இன்று நான் என்ன செய்தேன் என்று தன்னையே கேட்டுப் பதிலை அதன்கீழ் எழுத வேண்டும்.

இதற்குப் போய் இங்கிலீஷில் பெயரா, உன் அம்மா தினமும் ஸ்ரீராமஜெயம் எழுதுகிறாளே, அதுதானே இது என்று கேட்டேன். மனைவிக்கு ஒரே பெருமை. மகள் விடவில்லை. அம்மா எழுதி முடித்ததும் நோட்டை மூடிவிடுகிறாள், நீங்கள் மூடுவதற்கு முன்னால் அந்த மூன்றாவது கேள்வியைக் கேட்க வேண்டும், அதுதான் வித்தியாசம் என்றாள். ஊரெல்லாம் மூச்சைப் பிடிக்கச் சொல்கிற ஆள் தன் மூச்சை ஒரு நிமிஷம் பார்க்கக் கூடாதா என்றும் கேட்டாள். பெற்ற மகளிடம் வாய் கொடுத்து மீள முடியாது.

காலையில் மெஷினைப் போட்டால் அது சூடேறித் தயாராகச் சில நிமிஷம் ஆகும். அவ்வளவு நாளும் அந்த நேரத்தில் போனை நோண்டிக்கொண்டிருந்தவன், அச்சு சாய்ந்துபோய் ஒதுக்கிவைத்திருந்த எக்ஸ்ரே உறை ஒன்றை எடுத்து அதன் பின்பக்கம் எழுத உட்கார்ந்தேன். முழங்கால் வலி போய்விட்டது என்று எழுதலாம் என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு நிமிஷம் மூச்சைப் பார்த்துவிட்டுப் பேனாவை வைத்தால் கை வேறு எழுதியது. "என் தம்பி என்னோடு பேசுகிறான்."

எழுதியதைப் பார்த்து நானே பயந்துபோனேன். பிறத்தியார் நெஞ்சுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தே சம்பாதிக்கிறவன். என்னுடைய நெஞ்சுக்குள் ஆறு வருஷமாக இது இருந்தது எனக்குத் தெரியவில்லை. தெரியாத மாதிரி இருந்தேன் என்பதுதான் சரி.

ஆறு வருஷத்துக்கு முன்னால் எங்கள் அப்பாவுக்கு இருமல் நிற்காமல் இருந்தது. நான்தான் எக்ஸ்ரே எடுத்தேன். வலப்பக்க நுரையீரலின் மேலே, எலுமிச்சம்பழ அளவுக்கு வெள்ளையாக ஒன்று இருந்தது. அந்த மாதிரிப் படங்களை எத்தனையோ பார்த்தவன் நான். பார்த்த கணமே புரிந்துவிட்டது. ஆனால் முகத்தில் காட்டவில்லை. வெளியே வந்த அப்பா என்னடா என்று கேட்டதற்கு, டாக்டர் சொல்லுவார் என்றேன். சாயங்காலம் துபாயிலிருந்து தம்பி கூப்பிட்டான்.

"அண்ணே, நீ பாத்தேல்ல? என்ன இருக்கு? நான் கிளம்பி வரவா?"

"டாக்டர் சொல்லட்டும்டா. நீ எதுக்கு அலையுற" என்றேன்.

டாக்டர் புற்றுநோய் என்று சொன்ன பிறகும் அவனிடம் பாதிதான் சொன்னேன். வைத்தியம் நடக்கிறது, பார்க்கலாம், லீவு கிடைக்கும்போது வா. அவனைக் கலவரப்படுத்த வேண்டாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூன்று மாதம்கூட ஆகவில்லை. அவன் விமானம் பிடித்து வந்து இறங்கியபோது காவிரியில், அம்மா மண்டபத்துப் படித்துறையில் அப்பாவின் அஸ்தியைக் கரைத்துவிட்டு நான் ஈர வேட்டியோடு வீடு திரும்பியிருந்தேன். அவன் அழவில்லை. படம் எடுத்த அன்றைக்கே உனக்குத் தெரியுமா என்று மட்டும் கேட்டான். வேட்டியை மாற்ற வேண்டும் என்று உள்ளே போய்விட்டேன். அப்போதும் என் முகத்தில் ஒன்றும் தெரிந்திருக்காது. அதோடு அவன் பேச்சை நிறுத்திவிட்டான். எங்கள் வீட்டுக்குப் போன் வரும், என் மனைவியோடும் மகளோடும் பேசுவான், வைத்துவிடுவான்.

தினமும் காலையில் அந்த வரியை எழுதினேன். தை போய், பங்குனி போய், சித்திரை வெயிலும் வந்துவிட்டது. உறைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்தன. தம்பி பேசுகிறான், தம்பி பேசுகிறான் என்று எழுத எழுத முதலில் மனசுக்கு இதமாகத்தான் இருந்தது. கீழே அந்த மூன்றாவது கேள்விக்கு மட்டும் எல்லா நாளும் ஒரே பதில். "ஒன்றுமில்லை." ஒரு நாள் எல்லா உறைகளையும் புரட்டிப் பார்த்தேன். மேல்வரியில் அவன் பேசிக்கொண்டே இருந்தான். கீழ்வரியில் நான் கையைக் கட்டிக்கொண்டே இருந்தேன். வெட்கமாக இருந்தது. மகள் மேல் கோபம்கூட வந்தது.

ஆடி பிறந்த சமயத்தில் ஓர் அம்மாவுக்கு நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தேன். வெளிநாட்டில் இருக்கும் அவருடைய மகன் வீடியோ காலில் இருந்தான். அந்த அம்மா போனை என் முகத்துக்கு நேரே நீட்டிவிட்டார். படத்தில் இருந்தது நல்லதாக இல்லை. "சார், நீங்க பாத்தீங்கள்ல, என்ன இருக்கு?" என்று அவன் கேட்டான். டாக்டர் சொல்லுவாங்க என்றேன். அது சரியான பதில்தான், இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஆனால் அந்தச் சின்னத் திரையில் அவன் முகம் வாடிப்போனதைப் பார்த்தேன். ஆறு வருஷத்துக்கு முன்னால் நான் போனில் பேசியதால் பார்க்காமல் தப்பித்துக்கொண்ட முகம் அது. அந்தப் பையனுக்கு நான் யாரோ ஒரு சார். என் தம்பிக்கு நான் அண்ணன்.

மறுநாள் காலை ஸ்கூட்டரில் வேலைக்குக் கிளம்பினேன். மேட்டூரில் திறந்துவிட்ட தண்ணீர் முக்கொம்பு அணையைத் தாண்டிவிட்டது என்று முதல் நாளே ஊரில் பேச்சு. காவிரிப் பாலத்தில் ஏறியவுடன் பார்த்தேன். நேற்றுவரை மணலும் நாணலுமாகக் கிடந்த இடத்தில் கரைக்குக் கரை ஆறு. பாலமே மெல்ல அதிர்கிற மாதிரி இருந்தது. எதிரே மலைக்கோட்டை, பின்னால் ராஜகோபுரம், நடுவே செம்மண் நிறத்தில் தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. ஆபீஸ் போகிறவர்கள், ஸ்கூல் பிள்ளைகள், காய்கறி வண்டிக்காரர் என்று எல்லாரும் வண்டியை ஓரம்கட்டிவிட்டுச் சும்மா நின்று பார்த்தார்கள். அத்தனை அவசரக்காரர்களும் ஒரே நேரத்தில் அவசரத்தை மறந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. வருஷா வருஷம் வருகிற தண்ணீர்தான். என் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது.

நடைபாதையில் நின்றபடியே போனை எடுத்துத் தம்பிக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டேன். எனக்கு அன்றைக்கே தெரியும் என்றேன். வலப்பக்கம் மேலே, எலுமிச்சம்பழ அளவுக்கு இருந்தது, பார்த்ததுமே இது நல்லதில்லை என்று புரிந்துவிட்டது, நீ கேட்டபோது கிளம்பி வா என்று சொல்லியிருக்க வேண்டும் என்றேன். உனக்காக மறைத்தேன் என்று இத்தனை நாள் நினைத்தேன், இல்லை, வாயால் சொன்னால் அது நிஜமாகிவிடும் என்ற என் பயத்துக்காக மறைத்தேன் என்றும் சொன்னேன். ஆற்றுச் சத்தத்தில் எவ்வளவு பதிவாகியிருக்குமோ தெரியாது. சென்டருக்குப் போய் உறையில் எழுதினேன். அன்றைக்கு முதல்முறையாகக் கீழ்வரியில் "ஒன்றுமில்லை" இல்லை.

அவன் கேட்டுவிட்டான் என்று மத்தியானமே நீல டிக் காட்டியது. பதில் வரவில்லை. ஆவணி, புரட்டாசி, ஐப்பசி என்று மாதங்கள் போயின. எழுதுவதை நான் நிறுத்தவில்லை.

கார்த்திகையில் ஒரு நாள் காலை, நல்ல கூட்டம். அடுத்த சீட்டை எடுத்துப் பெயரைக் கூப்பிட வாய் திறந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். இனிஷியல் எங்கள் அப்பாவுடையது. கதவோரம் தம்பி நின்றான். லீவில் வந்திருக்கிறான் என்பதே எனக்குத் தெரியாது. இளைத்திருந்தான், காதோரம் நரைத்திருந்தது. சீட்டில், ஒரு மாதமாக இருமல் என்று டாக்டர் எழுதியிருந்தார்.

அவன் சட்டையையும் செயினையும் கழற்றி வைத்துவிட்டு வந்து நின்றான். ஊரில் எத்தனையோ சென்டர் இருக்க இங்கே ஏன் வந்தான் என்று கேட்கத் தைரியமில்லை. அவன் தாடையைத் தூக்கிப் பலகைமேல் வைத்தேன். இரண்டு தோளையும் பிடித்து முன்னால் தள்ளினேன். தினமும் யார் யாருக்கோ செய்வதுதான். "மூச்சை நல்லா இழு. அப்படியே பிடி" என்று சொல்லிவிட்டுத் தடுப்புக்குப் பின்னால் போய்ப் பொத்தானை அழுத்தினேன்.

படம் விழுந்தது. விலா எலும்புகளை ஒவ்வொன்றாக எண்ணினேன். வலப்பக்கம் மேலே பார்த்தேன், திரும்பவும் பார்த்தேன், பெரிதாக்கிப் பார்த்தேன். கறுப்பாக, துல்லியமாக, ஒரு மாசு இல்லாமல் இருந்தது. இருபத்து மூன்று வருஷத்தில் அவ்வளவு அழகான படத்தை நான் பார்த்ததில்லை. அதிலேயே கண்ணை வைத்துக்கொண்டு நின்றுவிட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

"அண்ணே" என்று அந்தப் பக்கமிருந்து திணறலாக ஒரு குரல். "மூச்சு விடட்டுமா?"

ஆறு வருஷம் கழித்து என் தம்பி என்னிடம் பேசிய முதல் பேச்சு இதுதான். அந்தத் துறையூர்க்காரரைப் போல, நான் சொல்வதற்காகக் காத்துக்கொண்டு நின்றிருக்கிறான்.

"விடுடா, விடு" என்று ஓடினேன். அவன் இருமி முடிக்கிற வரைக்கும் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். பிறகு அவன் என் முகத்தைப் பார்த்தான். "என்ன இருக்கு? நீ சொல்லு" என்றான்.

கையைப் பிடித்துத் தடுப்புக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய்த் திரைக்கு முன்னால் நிறுத்தினேன். இது உன் இதயம், இது மூச்சுக்குழாய், இது இடது நுரையீரல், இது வலது என்று ஒன்று விடாமல் காட்டினேன். நான் பார்த்தவரைக்கும் சுத்தமாக இருக்கிறது, டாக்டரும் ஒரு தடவை பார்க்கட்டும் என்றேன். அவன் ரொம்ப நேரம் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். தனக்குள்ளேயே இப்படி ஒன்று இருக்கிறதா என்று அவன் கண்ணில் இருந்த பிரமிப்பை நான் நன்றாக அறிவேன்.

"அப்பாவுக்கு எங்க இருந்துச்சு?"

வலப்பக்கம் மேலே காட்டினேன். என் விரல் இருந்த இடத்தில் அவன் விரலை வைத்தான்.

"வலிக்குதுன்னு சொன்னாரா?"

முகத்தை அப்படியே வைத்துக்கொள்ள எனக்கு இருபத்து மூன்று வருஷப் பழக்கம் இருக்கிறது. அன்று அது உதவவில்லை.

"சொன்னார்டா" என்றேன். "உன்னையும் கேட்டார்."

அவன் தலையை ஆட்டினான். திரையிலிருந்து விரலை எடுக்கவில்லை. வெளியே அடுத்த டோக்கன்காரர் கதவைத் தட்டினார். கொஞ்சம் இருங்க என்றேன்.