மாஸ்டர் கேட்ட ஐந்து நிமிடம்

தைல வாசனை... சிங்கப்பூரிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு பாட்டில் கொடுப்பார்களே, அந்த வாசனை. அன்று அமெரிக்காவில், டாலஸ் பக்கம் காப்பெல்லிலிருந்து ஃபிரிஸ்கோ போய்ச் சேரும்வரை கார் முழுக்க அதுதான்.

பின் சீட்டில் மாஸ்டர். பெயர் வேண்டாம். எண்பதுகளில் வீடியோ டெக் வாடகைக்கு எடுத்துக் குங்ஃபூ படம் பார்த்தவர்களுக்கு ஆளைத் தெரிந்திருக்கும். முன்மண்டை மொட்டை, பின்னால் முழ நீளச் சடை, கையில் கம்பு. எங்கள் திருமங்கலத்தில் அவருக்குப் பெயர் 'சடையன்'.

ஹாங்காங்கில் முதலில் கூட்டத்தோடு கூட்டமாக உதை வாங்கினார். பிறகு வில்லனுக்குக் கையாள், அப்புறம் வில்லன். எல்லாப் படத்திலும் கடைசியில் செத்துப்போவார். அந்த மாதிரிப் படங்கள் ஓய்ந்ததும் மகளோடு டெக்சஸ் வந்துவிட்டார். ரோட்டோரக் கடை வரிசை ஒன்றில், ரிட்டயரான வெள்ளைக்காரர்களுக்குத் தாய்ச்சி என்கிற சீன உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

அங்கே அவரைக் கண்டுபிடித்தது நான்தான். ஏழெட்டு வருடம் இருக்கும். நாங்கள் சில குடும்பங்கள் சேர்ந்து நடத்திய பொங்கல் விழாவுக்குக் கூப்பிட்டேன். பணம் வேண்டாம் என்றார். ஆங்கிலத்தில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். கம்பு சுற்றிக் காட்டியதும் ஐந்து நிமிடம் மைக் வேண்டும், உங்கள் ஜனங்களிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். "ஷ்யூர் மாஸ்டர்" என்றேன்.

இனி அந்தக் கார்ப் பயணம். சொல்லவே கூசுகிறது.

முன் சீட்டில் என் மனைவி சுதா. "ஏங்க, ஜன்னலைக் கொஞ்சம் இறக்குங்க. தலை வலிக்குது."

"பொறுத்துக்க. நாலு சுத்து சுத்தட்டும், பொன்னாடையைப் போர்த்தி அனுப்பிரலாம்."

"இந்த வயசுல முடியுமா? கீழ கீழ விழுந்து வச்சிரப் போறாரு."

"அதான் எனக்கும் பக்குன்னு இருக்கு. லேட்டாச்சுன்னா கட் பண்ணிரலாம். ஆளு முடிஞ்சுபோன கேஸு... இவருக்கு என்ன தெரியப்போகுது."

நமக்கெல்லாம் இருக்கும் வியாதிதானே இது? எதிரே நிற்பவர் நம் ஆள் இல்லை என்றால் அவரை வைத்துக்கொண்டே அவரைப் பற்றிப் பேசுவது. கண்ணாடியில் பார்த்தேன். மாஸ்டர் சிரித்தார். நானும் சிரித்து, ஆங்கிலத்தில் ஏசி போதுமா என்று கேட்டேன். அப்படி ஒரு கரிசனம்!

லேட்டானது. நம் ஃபங்ஷன் எது லேட்டாகவில்லை? ஒரு டான்ஸில் பாட்டு பாதியில் நின்றுபோக, பெற்றோர்கள் மொத்தமாக மேடைக்கு வந்துவிட்டார்கள். மறுபடி முதலிலிருந்து ஆடவேண்டுமாம். காம்பியரிங் செய்தது நான். பட்டியல் என் கையில். மாஸ்டர் பெயரின்மேல் ஒரு கோடு போட்டேன். பத்து செகண்டு கூட யோசிக்கவில்லை.

அவர் விழா நடந்த பள்ளிக்கூடத்தின் ஒரு வகுப்பறையில், குழந்தைகள் உட்காரும் சின்ன நாற்காலியில், மஞ்சள் பட்டு உடுப்போடு மூன்று மணி நேரம் காத்திருந்தார். அங்கேயே பொன்னாடை, போட்டோ, "சாரி மாஸ்டர், நோ டைம்." பரவாயில்லை என்று தலையாட்டினார்.

திரும்பும்போது நானும் அவரும் மட்டும். ஒரு நண்பன் கூப்பிட்டான். ஸ்பீக்கரில் போட்டு, "நல்லவேளைடா, பெருசைக் கட் பண்ணிட்டேன். இல்லேன்னா சாப்பாடு ஆறிப்போயிருக்கும்" என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

"அந்த லைட்டுல ரைட் எடு, தம்பி."

எடுத்தேன். எடுத்து, நேராகி, கொஞ்ச தூரம் போன பிறகுதான் உறைத்தது. அவர் பேசியது தமிழ்.

காது மடல் சுட்டது. "மாஸ்டர்... உங்களுக்கு..."

"நான் மலேசியாவுல ஈப்போ பக்கம், ரப்பர் எஸ்டேட்டுல பொறந்தவன் லா. எங்க வரிசையில சீன வீடு ஒண்ணுதான், மிச்சமெல்லாம் தமிழாளுங்க. ரெண்டாம் வகுப்பு வரைக்கும் தமிழ்ப் பள்ளி."

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

பாக்கெட்டிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தார். பென்சில் எழுத்து, கோணல் மாணலாக, ஆனால் தமிழ். "மாரிமுத்துன்னு என் கூட்டாளி. அவன்தான் எனக்குக் கம்பு சுத்தப் பழக்கினான். ஹாங்காங் ஸ்டூடியோல மொத நாளு அவன் கம்பைத்தான் சுத்திக் காட்டுனேன், எடுத்துக்கிட்டாங்க. சினிமாவுல எல்லாம் சீன வித்தைன்னு போட்டாங்க. நான் வாயத் தொறக்கல. அவன் பால்மரம் சீவியே செத்துட்டான். ஒரு தடவையாச்சும் தமிழாளுங்க மத்தியில அவன் பேரைச் சொல்லணும்னு..."

"இப்பப் படிங்க மாஸ்டர், நான் ரெக்கார்ட் பண்றேன்." என் புத்தி அவ்வளவுதான்.

"உனக்கு இல்ல தம்பி. சபைக்கு." தாளை மடித்து உள்ளே வைத்தார். வீடு வந்தது. பொன்னாடையை சீட்டிலேயே விட்டுவிட்டு இறங்கினார்.

அடுத்த விழாவுக்கு நான்கு மாதம் இருக்கும்போதே போன் செய்தேன். மகள் எடுத்தாள். மாஸ்டர் போய் இரண்டு வாரம் ஆகியிருந்தது.

அந்தக் காலத்தில் எங்கே போனாலும் வாய் ஓயாமல் தமிழில் கமெண்ட் அடிப்பேன். இப்போது லிஃப்டிலும் கடை வரிசையிலும் வாயை மூடிக்கொள்கிறேன். என் பெண் "வை ஆர் யூ ஸோ கொயட், அப்பா?" என்கிறாள். அவளிடம் இதுவரை சொன்னதில்லை.

அதைவிடக் கேவலம் ஒன்று இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். அவர் போன பிறகு வந்த பொங்கலுக்கும் காம்பியரிங் நான்தான். மைக் கையில் இருந்தது, எதிரே முந்நூறு தமிழர்கள். மாஸ்டர் பெயரையும் மாரிமுத்து பெயரையும் சொல்ல ஒரு நிமிடம் போதும். ஆனால் சொன்னால், போன வருடம் அவர் ஏன் மேடை ஏறவில்லை என்றும் சொல்ல வேண்டும்...

"நேரமாச்சு" என்று சொல்லி, அடுத்த டான்ஸைக் கூப்பிட்டேன்.